கிள்ளானிலிருந்து வந்த கடைசி இறகுப்பந்து

"அவளுக்கு வாய்தான் இல்ல. ரயில் பாஸ் இருக்குல்ல? அவளையே அனுப்புவோம்."

இது என்னைப் பற்றிச் சொன்னது. என் காதில் விழவேண்டும் என்று சொன்னதல்ல. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு வீடு நடுவே இருப்பது ஒரே ஒரு பலகைச் சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து "சுக்கு போட்டுக் குடி" என்று பதில் வரும்.

சொன்னது பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா. "ஆமா, போய்ட்டு வரட்டும். வீட்ல சும்மா புத்தகத்த மோந்துக்கிட்டுதான உக்காந்திருக்கா" என்று ஒத்து ஊதியது என்னைப் பெற்ற அம்மா.

ஆக, அன்றைக்கு என் வேலை இதுதான்: காலை ரயிலில் கிள்ளான் போகவேண்டும். பேட்மிண்டன் ஆட இறகுப்பந்து வாங்கவேண்டும். மத்தியானத்துக்குள் திரும்பவேண்டும். சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும்.

இந்தப் பத்திரிகையின் மாணவர் பக்கத்துக்கு விளையாட்டு வரலாறு எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள், தம்பி தங்கைகளே. வரலாறு என்றால் யார் ஜெயித்தார்கள் என்று இருக்கவேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே ஆட்டத்தில் அந்த இடம் கொஞ்சம் சிக்கல். ஜப்பான்காரன் காலத்தில் நடந்தது. அப்படியே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று உங்கள் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். கடிகாரம் டோக்கியோ நேரத்தில் ஓடும், வயிறு பழைய நேரத்தில் பசிக்கும். காலையில் மரவள்ளிக்கிழங்கு. மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு. ராத்திரி என்ன என்று கேட்டால் அம்மா முறைப்பார்.

ஆனாலும் விளையாட்டு நிற்கவில்லை! சீமையிலிருந்து சாமான் வருவது நின்றுபோனது, ஆடுவது நிற்கவில்லை. ஸ்டெல்லா அக்காவின் மட்டையில் நரம்பு அறுந்ததும் தூண்டில் கயிற்றைப் பின்னிக்கொண்டார். ஆட்டக்களத்துக்குக் கோடு போடச் சுண்ணாம்பு கிடையாது, அடுப்புச் சாம்பல்தான். வலை என்று கட்டியிருந்தது யார் வீட்டிலோ கிழிந்துபோன கொசுவலை.

எல்லாவற்றுக்கும் மாற்று இருந்தது, பந்துக்கு மட்டும் இல்லை. இறகுப்பந்தை நீங்கள் உற்றுப் பார்த்திருப்பீர்கள். அடியில் உருண்டையாக ஒரு தக்கை. அதைச் சுற்றிலும் வாத்து இறகுகளை நட்டு, நூல் கட்டி, பசை தடவியிருக்கும். ஒரு இறகு கோணினாலும் பந்து குடிகாரனைப்போல் போகும். உள்ளூரில் கோழி இறகை வைத்துச் செய்து பார்த்தார்கள். அது வலையைத் தாண்டுவதற்குப் பதிலாக வலையைச் சுற்றிப் போனது.

சரி, என்ன அவசரம்? அரிசி!

எங்கள் வட்டாரத்தில் மரக்கடை வைத்திருந்த சீன முதலாளியை எல்லாரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு பேட்மிண்டன் பைத்தியம். பிரிக்பீல்ட்ஸ் பெண்ணும் கிள்ளான் பெண்ணும் மோதட்டும், ஜெயிப்பவருக்கு அரை மூட்டை அரிசி என்று சொல்லிவிட்டார். எங்கிருந்து அவருக்கு அரிசி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அரிசியைப் பார்த்துக் கேள்வி கேட்கிற காலமா அது?

பிரிக்பீல்ட்ஸ் பெண், எங்கள் ஸ்டெல்லா அக்கா. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். புதன்கிழமை அக்காவுக்குக் கல்யாணம்.

அது அவசரக் கல்யாணம். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். கல்யாணமானவனைப் பிடிக்கமாட்டார்கள் என்று யாரோ கிளப்பிவிட, ஊரெல்லாம் மேளச் சத்தம். மாப்பிள்ளை செந்தூல்காரர். அவர் வீட்டுச் சனம் கூட்டமாக வரப்போகிறது, அக்கா வீட்டிலோ ஒரு கைப்பிடி அரிசி இல்லை.

"கல்யாணப் பந்தியில மரவள்ளிக்கிழங்கப் போட்டோம்னு வையி, நான் சாகுற வரைக்கும் மாமியா சொல்லிக் காட்டும் செம்பா. சாகுறப்பகூட கெழங்கு வாசனை அடிக்குதும்பா" என்றார் அக்கா என்னிடம். செம்பா நான்தான். செண்பகம்.

பந்து கொண்டுவரவேண்டியது உள்ளூர்க்காரர் பொறுப்பு. பந்து இல்லையென்றால் ஆட்டம் இல்லை. அரிசி கிள்ளானுக்குப் போய்விடும்.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை காலையில் வாய் இல்லாத நான் புறப்பட்டேன்.

கிள்ளானில் ஒரு துணிக்கடை பாயிடம் சண்டைக்கு முந்தின சீமைப் பந்து கொஞ்சம் இருக்கிறதாம். ஜப்பான் நோட்டை அவர் தொடமாட்டாராம். முட்டைக்கு ஒரு பந்து என்று பேச்சு. அம்மா மரத்தூள் நிரப்பிய கூடையில் முட்டைகளைப் புதைத்துக் கொடுத்து, வாசல்வரை வந்து புத்திமதியும் சொன்னார்.

"ஜப்பான்காரனப் பாத்தா நல்லாக் குனி. என்ன கேட்டாலும் தலையாட்டு. எதுலயும் அவன முந்திக்கிட்டுப் போயிடாத. நம்ம பையன்க அவனுங்ககூடப் பந்து ஆடினப்ப வேணும்னே தோத்துட்டுதான வந்தானுங்க? பத்திரமா வந்தானுங்கல்ல? அத ஞாபகம் வச்சுக்க."

வைத்துக்கொண்டேன். அதனால்தான் இந்தக் கதை.

ரயிலில் நிற்க இடமில்லை. விறகு போட்டு ஓட்டிய இஞ்சின், சன்னல் வழியாகச் சாம்பலை வாரி இறைத்தது. எனக்கு எதிரே ஒரு அம்மாள் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முட்டையா தங்கச்சி?"

பொய் சொல்லத் தெரியவில்லை. தலையாட்டினேன்.

"மருமக முழுகாம இருக்கா. ஒண்ணு குடேன்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. கை தானாக மரத்தூளுக்குள் போய் ஒரு முட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டது.

அவ்வளவுதான்! பக்கத்தில் இருந்தவரின் பிள்ளைக்குக் காய்ச்சல். அவருக்கு அடுத்தவருக்கே காய்ச்சல். இன்னொருவர் காரணம்கூடச் சொல்லவில்லை, கையை மட்டும் நீட்டினார். கிள்ளானில் இறங்கியபோது கூடையில் மரத்தூள்தான் கனத்தது.

படித்த பெண் என்று பெயர். கல்லூரியில் எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். "மாட்டேன்" என்று சொல்ல மட்டும் பாடம் வைக்கவில்லை.

பாய் கடையில் துணியே இல்லை. கயிறும் நாலு மண்ணெண்ணெய் விளக்கும் இருந்தன. நான் கதவோரமாகப் போய் நின்றேன். நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

"என்னம்மா வேணும்? துணியா? துணி கெடையாது. கயிறு இருக்கு" என்றார் பாய்.

"பந்து..." என்றேன்.

"என்னது?"

"இறகு... பந்து..."

"சத்தமாத்தான் சொல்லேம்மா! இப்படிக் குசுகுசுன்னு பேசுனா நான் கள்ளச் சந்தையில அபினு விக்கிறேன்னு எவனாச்சும் போய்ச் சொல்லிடுவான்!"

முகம் சிவந்து கூடையை நீட்டினேன். பாய் மரத்தூளைக் கிளறினார். ரொம்ப நேரம் கிளறினார்.

"முட்டைய வழியிலயே அடகாத்துட்டியாம்மா?"

இருந்தது நாலே நாலு. பாய் பெருமூச்சு விட்டு உள்ளே போனார். நீளமான அட்டைக் குழல் ஒன்றைக் கொண்டுவந்து, நாலு பந்தை மட்டும் அதில் விட்டு, மீதியைப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டார்.

"பழைய எறகும்மா, காஞ்சு கெடக்குது. ஆடுறதுக்கு முந்தி லேசா ஆவில காட்டிட்டு ஆடச் சொல்லு. லேசா!"

தலையாட்டினேன். தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

நாலு பந்து போதும், ஒரு ஆட்டத்துக்குத் தாராளம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கிள்ளான் ரயில் நிலையத்துக்கு வந்தேன். அங்கே பிளாட்பாரத்தில் சோதனை! மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தார்கள். அப்போதெல்லாம் பர்மிட் இல்லாமல் அரிசியை ரயிலில் கொண்டுபோகக் கூடாது.

என் முறை வந்தது. நன்றாகக் குனிந்தேன். நிமிர்ந்தபோது ஒரு ஜப்பான் சிப்பாய் என் அட்டைக் குழலைக் குலுக்கிக்கொண்டிருந்தார். இளவயது. மீசை முளைக்கலாமா என்று யோசிக்கிற முகம். உள்ளே அரிசி இருக்கும் என்று நினைத்தார் போலிருக்கிறது. மூடியைத் திறந்து கவிழ்த்தார்.

பந்து விழுந்தது.

சிப்பாயின் முகம் மாறியது. திருவிழாவில் தொலைந்த பிள்ளை அம்மாவைப் பார்த்ததுபோல ஆகிவிட்டது.

"ஹனே!" என்று கத்தினார். "ஹனே! ஹனே!"

நான் நிப்பொங்கோ, அதாவது ஜப்பான் மொழி, வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவள்தான். வணக்கம், நன்றி, மன்னிக்கவும் மூன்றும் சுத்தமாக வரும். ஹனே வரை பாடம் போகவில்லை.

சிப்பாய் ஓடிப்போய் ஒரு பழைய மரப்பெட்டியை உதைத்து உடைத்து, இரண்டு பலகையோடு வந்தார். ஒன்றை என் கையில் திணித்தார். என்னை வரிசையிலிருந்து இழுத்து நடுப் பிளாட்பாரத்தில் நிறுத்தினார். எதிரே போய் நின்று பந்தைத் தட்டினார்.

டொக்!

பந்து என்னைப் பார்த்து வந்தது. பிளாட்பாரம் முழுக்க என்னைப் பார்த்தது. நான் அம்மாவின் புத்திமதியைப் பார்த்தேன். பந்து காலடியில் விழுந்தது.

சிப்பாய் கைதட்டிச் சிரித்தார். பார்சலில் முகவரி எழுத வைத்திருந்த மைக்கூட்டையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். என் வலக் கண்ணைச் சுற்றி வட்டமாக ஒரு கோடு போட்டார்.

சில்லென்று இருந்தது.

இதன் அர்த்தம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நிப்பொங்கோ வாத்தியார் சொன்னார். ஜப்பானில் புத்தாண்டு வந்தால் பெண்பிள்ளைகள் பலகை மட்டையால் இறகுப்பந்து தட்டி விளையாடுவார்களாம். ஹனே என்றால் இறகாம், ஆட்டத்துக்கு ஹனேட்சுகி என்று பெயராம். வலை கிடையாது, கோடு கிடையாது. பந்தைக் கீழே விட்டவர் முகத்தில் மை பூசுவார்கள். தோற்பவருக்கு அவ்வளவுதான் தண்டனை. சிப்பாய்க்கு வீட்டில் அக்கா தங்கைகள் இருந்திருக்க வேண்டும்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாதே! பணிவு போதவில்லை, அதனால்தான் மை பூசுகிறார் என்று நினைத்தேன். அடுத்த பந்தை இன்னும் பணிவாக விட்டேன். இடக் கன்னத்தில் பெருக்கல் குறி விழுந்தது. அதற்கு அடுத்ததை மேலும் பணிவாக விட்டேன். மூக்கு முழுவதும் கறுப்பானது.

வரிசையில் நின்ற ஒரு மூட்டை தூக்கும் அண்ணன் பொறுக்கமாட்டாமல் குரல் கொடுத்தார். "ஏ தங்கச்சி! தோத்தாதான் மை பூசுறான்! ஒரு தடவ திருப்பி அடிச்சுத்தான் பாரேன்லா!"

"சும்மா இருடா. திருப்பி அடிச்சா அறைவான்" என்றார் இன்னொருவர்.

"அறைஞ்சா ஒரு கன்னம். இப்படியே போனா முகமே இருக்காது!"

என் விதியைப் பற்றி இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் பந்து வந்துவிட்டது. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை மறைக்கப் பலகையைத் தூக்கினேன்.

டொக்!

கண்ணைத் திறந்தேன். பந்து சிப்பாயின் தலைக்கு மேலே போய் அவருக்குப் பின்னால் விழுந்து கிடந்தது.

அதுவரை அழுதுகொண்டிருந்த கைக்குழந்தைகூட நிறுத்திவிட்டது.

சிப்பாய் பந்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெல்ல நடந்து வந்தார். நான் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவரோ தூரிகையை என் கையில் கொடுத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு தம் முகத்தை நீட்டினார்!

நீங்களே சொல்லுங்கள். எதிரே ஜப்பான் சாம்ராஜ்யத்தின் முகம். கையில் மை. நான் என்ன வரைவேன்?

என் கைக்குப் பழக்கமானது ஒன்றுதான். நெற்றி நடுவில், புருவம் கூடும் இடத்துக்கு மேலே, அழகாக ஒரு பொட்டு வைத்தேன்.

"அடப்பாவி! ஜப்பான்காரனுக்குப் பொட்டு வச்சிருச்சுடா!" என்றார் மூட்டை தூக்கும் அண்ணன்.

"சிரிக்காதீங்கடா! ஒருத்தன் சிரிச்சாலும் எல்லாருக்கும் உதை!"

முழு வரிசையும் தரையைப் பார்த்துக்கொண்டு குலுங்கியது.

சிப்பாய் அதோடு விட்டாரா? இல்லை. ரயில் ஊதும்வரை ஆடினார். பலகையால் அடித்த அடியில் ஒரு பந்து இறகெல்லாம் உதிர்ந்து மொட்டையாகிவிட்டது. இன்னொன்று கூரைமேல் ஏறிக்கொண்டது. மூன்றாவதை ஆசையோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடைசி ஒன்றைக் குழலில் வைத்து என்னிடம் நீட்டி, எனக்கே குனிந்து வணக்கம் வைத்தார். அந்த நேரம் பார்த்து அலுவலக அறையிலிருந்து அவருடைய மேலதிகாரி வெளியே வந்தார். சிப்பாய் விறைத்து நின்று சலாம் போட்டார், பொட்டோடு.

நான் ரயிலில் ஏறிவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. நல்ல மனிதர், அடி விழாமல் இருந்திருக்கவேண்டும்.

வீடு வந்து சேர்ந்தேன். அம்மா கதவைத் திறந்தார். உடனே சாத்தினார். மறுபடி திறந்தார்.

"செண்பகமா?"

"ஆமாம்மா."

"பந்து எங்க?"

பெற்ற தாய் கேட்கிறார் பாருங்கள். முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்குள் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஸ்டெல்லா அக்கா ஓடிவந்தார். குழலைக் கவிழ்த்தார். ஒரு பந்து விழுந்தது. மறுபடி குலுக்கினார்.

"மிச்சம்?"

"ஒண்ணு கூரை மேல. ஒண்ணு மொட்ட. ஒண்ணு ஜப்பான்காரர்ட்ட."

அக்கா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "ஒரே பந்தா? ஒரே பந்துல எப்படி செம்பா ஆடுறது? அது உடைஞ்சா என் கல்யாணச் சோறே உடைஞ்சிருமே!"

அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு பொறுப்பு எழுந்தது. அந்த ஒரு பந்தையாவது இரும்பாக்கிவிடவேண்டும் என்று தீர்மானித்தேன். பாய் சொன்னது நினைவிருந்தது: ஆவி காட்டவேண்டும். கடைசியில் சொன்ன அந்த "லேசா" மட்டும் எங்கோ கிள்ளானிலேயே நின்றுவிட்டது.

அடுப்பில் அம்மாவின் மூங்கில் புட்டுக்குழல். மரவள்ளி மாவில் புட்டு அவிந்து முடிந்த நேரம். பானையில் ஆவி தளதளவென்று வந்துகொண்டிருந்தது. இறகுப்பந்துக்கும் புட்டுக்குழலுக்கும் அளவு அவ்வளவு பொருத்தம்! கடவுளே செய்துவைத்ததுபோல இருந்தது. புட்டை எடுத்துவிட்டுப் பந்தை உள்ளே இறக்கி மூடினேன்.

பிறகு முகம் கழுவப் போனேன். அது பார்சல் மை, மழைக்கே அழியாதது. சாம்பல் போட்டுத் தேய்த்தேன், புளி போட்டுத் தேய்த்தேன். முகம் பளபளவென்று ஆனது, மையும் பளபளவென்று ஆனது.

"அடியே! புட்டுப்பானையில என்னடி அவியுது?"

அம்மாவின் அலறல் கேட்டு ஓடினேன். மூடியைத் திறந்தேன். பந்து பார்க்க அருமையாக இருந்தது. இறகெல்லாம் விறைப்பாக, புதிதாக! தக்கை மட்டும் தொட்டால் லேசாக ஆடியது. பசை இளகிவிட்டது.

"காஞ்சா ஒட்டிக்கும்" என்றேன்.

"காயிறதுக்கு நேரம் இருக்கா?" என்றார் ஸ்டெல்லா அக்கா.

நேரம் இல்லை. வெளியே தவுக்கே விசில் ஊதிவிட்டார்.

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த திடலில் நல்ல கூட்டம். தவுக்கே ஒரு நாற்காலியைப் பெட்டிமேல் போட்டு உயரமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அரை மூட்டை அரிசி. கூட்டத்தில் பாதிப் பேர் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள், பாதிப் பேர் அரிசியைப் பார்க்க வந்தவர்கள்.

கிள்ளான்காரியின் பெயர் மிஸ் லிம். ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒல்லியான ஆள், அசையாத முகம். கூட நாலு நர்ஸுகள். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, "கண்ணில் அடியா? காட்டு, பார்க்கிறேன்" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நல்லவேளை, எனக்கு வாய் இல்லை.

ஆட்டம் தொடங்கியது. ஒரே பந்து என்று தெரிந்ததால் இருவரும் அதைக் கைக்குழந்தைபோல் நடத்தினார்கள். ஓங்கி அடிக்கவேயில்லை. தூக்கிப் போடுவதும், வலையோரம் மெல்ல நழுவவிடுவதும், ஓடி எடுப்பதும்! அப்படி ஒரு நேர்த்தியான ஆட்டத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. முதல் செட் கிள்ளானுக்கு. இரண்டாவது எங்களுக்கு. மூன்றாவதில் இரண்டு பேரும் விடவில்லை. அக்காவின் பாவாடை ஓரம் முழுக்கச் சாம்பல்.

கடைசியில் அக்காவுக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளிதான் வேண்டும் என்று வந்தது.

அக்கா சர்வ் போட்டார். மிஸ் லிம் உயரத் தூக்கினார். பந்து வானத்துக்குப் போய், நின்று, அக்காவின் தலைக்கு நேரே இறங்கியது. வாகான பந்து! இனி யாரால் பொறுக்க முடியும்?

"அடிக்கா! சோறு!" என்று யாரோ கத்தினார்கள். நான்தான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள்.

அக்கா ஓங்கி ஒரே அடி!

பந்து இரண்டாகப் பிரிந்தது. தக்கை துப்பாக்கிக் குண்டுபோல வலையைத் தாண்டி மிஸ் லிம்மின் காலடியில் குத்தி உருண்டது. இறகுக் கூடு குட்டிப் பாவாடைபோலச் சுழன்று சுழன்று அக்காவின் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தது. தலை கிள்ளானில், பாவாடை பிரிக்பீல்ட்ஸில்!

"பாயிண்டு! தல விழுந்த எடந்தான் கணக்கு!" என்றார்கள் எங்கள் ஆட்கள்.

"இறகு இல்லாமல் அது பந்தா?" என்றார்கள் நர்ஸுகள்.

"மனுசன் செத்தா தலைய வச்சுதான அடையாளம் சொல்றோம்?"

"சட்டையை வைத்தும் சொல்வோம்!"

தவுக்கே நாற்காலியிலிருந்து இறங்கி வந்தார். தக்கையை எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். "இதில் ஏன் மரவள்ளிக்கிழங்கு வாசனை?" என்று மலாயில் கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வானத்தைப் பார்த்தேன். வட்டக் கண்ணோடு வானத்தைப் பார்த்தால் மறைய முடியாது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

பந்து ஆட்டத்தின் நடுவில் உடைந்தால் அந்தப் புள்ளியைத் திரும்ப ஆடவேண்டும் என்பது விதி. திரும்ப ஆட எங்கே பந்து? இன்னொரு நாள் ஆடலாமா என்றால் மிஸ் லிம்முக்கு வாரம் முழுவதும் ராத்திரி டியூட்டி, அக்காவுக்குப் புதன்கிழமை கல்யாணம். தவுக்கே தலையைச் சொறிந்தார். கடைசியில், "ஜெயித்தவர் யாரும் இல்லை. அரிசி ஆளுக்குப் பாதி" என்று சொல்லிவிட்டார்.

கூட்டம் கைதட்டியது. ஸ்டெல்லா அக்கா தட்டவில்லை. அவர் மூட்டையையே பார்த்துக்கொண்டு மனதுக்குள் இலை போட்டுப் பார்த்தார். செந்தூல் சனத்துக்குப் பாதி அரிசி பத்தாது. கண் கலங்கிவிட்டது. நான் பக்கத்தில் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அழ வந்தவர் சிரித்துவிட்டார், சிரித்துக்கொண்டே அழுதார். அந்த முகத்தால் ஆன ஒரே உபகாரம் அதுதான்.

மிஸ் லிம் மூட்டையிடம் வந்து நின்றார். தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார்.

"இதை ரயிலில் கொண்டுபோக முடியாது. ஸ்டேஷனில் பிடுங்கிக்கொள்வார்கள்" என்றார் தம் கூட்டாளிகளிடம். பிறகு அக்காவைப் பார்த்து, "என்ன அவசரம் உனக்கு? ஏன் அழுகை?" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், ஆங்கிலம் படித்தவள் என்று. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தேன். கல்யாணம், செந்தூல், மாமியார், மரவள்ளிக்கிழங்கு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவ்வளவு நீளமாக நான் பேசியதை அம்மா அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டார். கிள்ளான் பிளாட்பாரத்தில் போட்ட மை அப்படியே இருந்ததால், வெட்கப்பட்டாலும் முகத்தில் தெரியவில்லை போலும்.

மிஸ் லிம் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டார்.

"சரி. என் பாதியை நான் இங்கேயே விட்டுப்போகிறேன்" என்றார்.

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தேங்க் யூ மிஸ்! தேங்க் யூ!"

"தானம் இல்லை" என்றார் மிஸ் லிம், கையை விடுவித்துக்கொண்டு. "சேர்த்துச் சமைத்து வை. புதன்கிழமை வந்து என் பாதியைச் சாப்பிட்டுக்கொள்கிறேன்."

அவர் கேலி செய்கிறாரா, நிஜமாகச் சொல்கிறாரா என்று அந்த முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை. "ஒல்லிதான. ஒரு கை சாப்பிடுமா?" என்றார் அம்மா.

புதன்கிழமை மாதா கோயிலில் தாலி கட்டு முடிந்து, குவார்ட்டர்ஸ் வாசலில் பந்தி போட்டோம். வெள்ளை வெளேரென்று சோறு! செந்தூல் சனம் இலையைப் பார்த்து வாயடைத்துப்போனது. மாமியார் சோற்றை விரலால் தொட்டுப் பார்த்து, நிஜம்தானா என்று அமுக்கிப் பார்த்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர், "நெசமாவே அரிசிதான்டா" என்று வரிசை நெடுகச் சொல்லிக்கொண்டு போனார். ஸ்டெல்லா அக்கா முக்காட்டுக்குள் சிரித்தார்.

அப்போதுதான் மிஸ் லிம் வந்தார். நாலு நர்ஸுகளும் பின்னால் வந்தார்கள். ராத்திரி டியூட்டி முடித்த கையோடு, வெள்ளை உடுப்போடு, காலை ரயிலில் வந்திருந்தார்கள். மிஸ் லிம் மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தார். கை கழுவினார். முதல் பந்தியில் மாமியாருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். கரண்டி கேட்கவில்லை. மாமியார் விரலால் பிசைவதைப் பார்த்துப் பார்த்து அதேபோலப் பிசைந்து, நிதானமாக, பேசாமல், ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

பந்தி முடிந்தது. எல்லாரும் இலையை மடித்துவிட்டு எழுந்தார்கள். அடுத்த பந்திக்கு ஆட்கள் வந்து நின்றார்கள்.

மிஸ் லிம் தம் இலையைக் கையால் துடைத்து நேராக்கி வைத்துக்கொண்டு, தம் பாதியில் இன்னும் மிச்சம் இருப்பதுபோல, அங்கேயே உட்கார்ந்திருந்தார்.